ஹாங்காங்கில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங் செல்லும் நண்பர்களும் உறவினர்களும், பயணத்தில் ஒரு மாலையைக் குதிரைப் பந்தயத்துக்கு ஒதுக்கியிருப்பதாகச் சொல்லும்போதெல்லாம் ஒரே வகையான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பணம் ஈட்டும் வழியை இதில் தேட வேண்டாம். குதிரைகளை அருகிலிருந்து கவனிக்கவும், பலகையில் மாறிக்கொண்டே இருக்கும் எண்களின் பொருளை அறியவும் கற்றுக்கொண்டு போகிறவருக்கு அந்த மாலை மிகவும் நிறைவானதாக அமையும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஜூலைக் கடைசியில் போகிறோம். எந்தக் கிழமையில் பந்தயம் இருக்கும்?

ஜூலைக் கடைசியில் எந்தக் கிழமையிலும் இருக்காது. ஹாங்காங்கில் பந்தயப் பருவம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை நடுவில் முடிந்துவிடுகிறது. வெப்பமும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் இடைப்பட்ட வாரங்கள் குதிரைகளுக்கு ஓய்வுக்காலம். பருவம் நடக்கும்போது பெரும்பாலான புதன்கிழமை இரவுகளில் ஹாப்பி வேலி மைதானத்திலும், ஞாயிற்றுக்கிழமைப் பகலில், சில வாரங்களில் சனிக்கிழமையில், ஷா டின் மைதானத்திலும் பந்தயம் நடக்கும். விதிவிலக்கான வாரங்கள் உண்டு என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பந்தயங்களை நடத்தும் ஹாங்காங் ஜாக்கி கிளப் வெளியிடும் பந்தய நாள்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது.

ஹாப்பி வேலியில் ஓர் இரவுக்கு வழக்கமாக எட்டு அல்லது ஒன்பது ஓட்டங்கள் இருக்கும். ஷா டினில் பத்து அல்லது பதினொன்று. இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ அரை மணி நேரம் விடப்படும்.

ஹாப்பி வேலியா, ஷா டினா? எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

அந்த ஒரு நாள் புதனாக இருந்தால் ஹாப்பி வேலி. ஞாயிறாக இருந்தால் தயங்காமல் ஷா டின். ஹாப்பி வேலி நகரின் நடுவில், அடுக்குமாடிக் கட்டடங்கள் நான்கு புறமும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. விளக்கொளியில் பச்சைப் புல்லும் அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சன்னல் வெளிச்சங்களும் தெரியும் அந்தக் காட்சி வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் இசைக்கும் பானங்களுக்கும் நண்பர் கூட்டத்துக்குமாக வருகிறவர்கள். குதிரைகள் அவர்களுக்குப் பின்னணிதான்.

ஷா டின், நிலமாக மீட்கப்பட்ட கடற்பரப்பின் மேல் கட்டப்பட்டு 1978ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. மிகப் பெரியது, தரமான குதிரைகளும் முதல் நிலைப் பந்தயங்களும் அங்கேதான் கூடுகின்றன. புல்தரையில் கடைசி நேர்ப்பாதை 430 மீட்டர் நீளம் என்பதால், பின்னால் வந்த குதிரை ஒவ்வொன்றாகக் கடந்து முன்னேறுவதை முழுமையாகப் பார்க்க முடிகிறது. ஹாப்பி வேலியில் அந்த நேர்ப்பாதை 300 மீட்டரைச் சற்றே தாண்டும், வளைவுகளும் இறுக்கமானவை, உள்வேலியை ஒட்டி முன்னால் ஓடும் குதிரைக்கு அங்கே சாதகம் கூடுதல். பயணத் தேதியை மாற்றிக்கொள்ள வழியிருந்தால், டிசம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டிப் போவதையே பரிந்துரைப்பேன். ஹாங்காங் கப், மைல், ஸ்பிரிண்ட், வேஸ் என்ற நான்கு பன்னாட்டுப் பந்தயங்கள் ஒரே நாளில் ஷா டினில் நடக்கும். ஜப்பான், ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து சிறந்த குதிரைகள் வந்து இறங்கும்.

டாக்சி எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஹாப்பி வேலிக்கு டிராம் போகிறது. ‘ஹாப்பி வேலி’ என்று நெற்றியில் எழுதியிருக்கும் வண்டியில் ஏறினால் மைதானத்தின் ஓரமாகவே இறக்கிவிடும். காஸ்வே பே மெட்ரோ ரயில் (எம்.டி.ஆர்.) நிலையத்திலிருந்து நடந்தும் போகலாம். ஷா டினுக்கு ஈஸ்ட் ரெயில் பாதையில் ‘ரேஸ்கோர்ஸ்’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அது பந்தய நாள்களில் மட்டும் திறக்கப்படும்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பொதுமக்கள் பகுதிக்கு நீண்ட காலமாக 10 ஹாங்காங் டாலர்தான். ரயிலிலும் டிராமிலும் பயன்படும் ஆக்டோபஸ் அட்டையையே வாயிலில் தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். வெளிநாட்டுப் பயணிகள் கடவுச்சீட்டைக் காட்டி, கூடுதல் கட்டணம் செலுத்தி, உறுப்பினர் பகுதிக்கான ஒருநாள் அனுமதியைப் பெறும் ஏற்பாடும் உண்டு. அங்கே உடைக் கட்டுப்பாடு இருக்கிறது. முதல் முறை போகிறவருக்குப் பொதுமக்கள் பகுதியே சிறந்தது என்பது என் கருத்து. பாதையின் வேலிக்கு மிக அருகில் நின்று, குளம்படி ஓசை மார்பில் அதிரக் கேட்பது அங்கேதான்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பந்தய நாள்களில் பொதுமக்கள் பகுதியில் அனுமதி கிடையாது. குடும்பமாகப் பயணம் செய்கிறவர்கள் இதை முன்கூட்டியே அறிந்து, யார் போவது, குழந்தைகளுடன் யார் இருப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பந்தயத்தில் பணம் கட்டாமல் வேடிக்கை மட்டும் பார்க்கலாமா? யாராவது ஏதாவது சொல்வார்களா?

தாராளமாகப் பார்க்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பணம் கட்டாமல் ஒரு முழு மாலையையும் கழிப்பதில் குறை ஒன்றும் இல்லை. சூதாட்டத்தில் ஏற்கெனவே மனம் அலைக்கழிந்த அனுபவம் உள்ளவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும், அல்லது போகாமலே இருந்துவிட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, மீதி அரை மணி நேரம் என்னதான் செய்வது?

அந்த அரை மணி நேரத்தில்தான் பந்தயத்தின் உயிர் இருக்கிறது. பயணிகள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால், ஓடப்போகும் குதிரைகளை நடைவட்டத்தில் வரிசையாக நடத்திக் காட்டுவார்கள். ஷா டினில் இதற்காகத் திறந்து மூடும் கூரையுடன் கூடிய தனி வட்ட அரங்கமே இருக்கிறது. அரை டன் எடையுள்ள ஓர் உயிர், தோலுக்கடியில் ஒவ்வொரு தசையும் அசைவது தெரிய, சில அடி தொலைவில் நம்மைக் கடந்து போகிறது. பிறகு குதிரையை ஓட்டும் ஜாக்கிகள் வந்து, பயிற்சியாளரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சேணத்தின் மேல் தூக்கிவிடப்படுகிறார்கள். மனிதனின் எடை ஏறிய கணத்தில் சில குதிரைகளின் நடை மாறும்; சில, முன்பு இருந்த அமைதியுடனேயே தொடரும். இதை இரண்டு மூன்று ஓட்டங்களுக்குத் தொடர்ந்து பார்த்தால், குதிரைக்குக் குதிரை சுபாவம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது யாருக்கும் புரிந்துவிடும்.

எதைக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு: பின்காலின் அடி, முன்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று பாருங்கள், நல்ல நடைக்கு அது ஓர் அடையாளம். தோல் பளபளக்கிறதா, காதுகள் முன்னோக்கி நிற்கின்றனவா, நடத்திச் செல்பவரை இழுத்துக்கொண்டு திமிறுகிறதா என்பதையும் பாருங்கள். பின்னங்கால்களுக்கு இடையே நுரை போல வியர்வை வழிந்தால், அந்தக் குதிரை ஓடும் முன்பே தன் வலிமையைச் செலவழித்துக்கொண்டிருக்கக்கூடும். வெக்கையான நாளில் எல்லாக் குதிரைகளுக்கும் வியர்க்கும் என்பதால், தனித்து ஒன்று மட்டும் நனைந்திருக்கிறதா என்பதே கேள்வி. இவை எதுவும் வெற்றியை உறுதி செய்யாது. ஆனால் ஓட்டம் தொடங்கும்போது, நீங்கள் பார்த்துவைத்த குதிரை எங்கே இருக்கிறது என்று கண் தானாகத் தேடும். ஒன்றரை நிமிடம் அப்போது மிக நீண்டதாகத் தெரியும்.

படம் எடுக்கலாம், ஆனால் ஃபிளாஷ் கூடவே கூடாது. மிரண்ட குதிரை தனக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

சேணத்துணியில் 3 என்று இருக்கிறது, பந்தய நிகழ்ச்சிப் புத்தகத்தில் அதே குதிரைக்கு 9 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. சேணத்துணியில் இருப்பது குதிரையின் எண். பணம் கட்டும்போது சொல்ல வேண்டியது இதைத்தான். மற்றது, புறப்படும் இடத்தில் அந்தக் குதிரை நிற்கப்போகும் வாயிலின் எண். அது குலுக்கலில் கிடைப்பது. 1ஆம் வாயில் உள்வேலியை ஒட்டியது. ஹாப்பி வேலியில் ஓர் ஓட்டத்துக்கு அதிகபட்சம் 12 குதிரைகள், ஷா டினில் 14. இரண்டு மைதானங்களிலும் குதிரைகள் வலப்புறமாகத் திரும்பி, அதாவது கடிகாரச் சுற்றில் ஓடும்.

ஜாக்கி அணியும் வண்ணச் சட்டை குதிரையின் உரிமையாளருக்கு உரியது. ஆகையால் ஒரே ஜாக்கி ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வண்ணத்தில் வருவார்.

பலகையில் 5.5, 12, 38 என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்த எண்களை யார் முடிவு செய்கிறார்கள்?

பணம் கட்டும் மக்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஹாங்காங்கில் எண்களைத் தாமே நிர்ணயிக்கும் சட்டபூர்வமான பந்தயத் தரகர் இல்லை. எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேர்கிறது, அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு, மீதியை வென்ற சீட்டுகளுக்குப் பங்கிடுகிறார்கள். எளிய கணக்காகச் சொன்னால்: முதலாவதாக வரும் குதிரையைச் சொல்லும் வகையில் மொத்தம் 10,00,000 டாலர் சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம். கழிவு 17.5 விழுக்காடு. மீதி 8,25,000. நான்காம் எண் குதிரையின் மேல் 1,50,000 டாலர் கட்டப்பட்டிருந்தால், 8,25,000ஐ 1,50,000ஆல் வகுக்க வரும் 5.5தான் பலகையில் அதன் எதிரே தெரியும்; இதைத்தான் விகிதம் என்கிறார்கள். 10 டாலர் கட்டியவருக்கு, அது வென்றால், கட்டிய தொகையும் சேர்த்து 55 டாலர் கிடைக்கும்.

எனவே அந்த எண்ணைக் குதிரையின் தகுதிக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. அங்கே கூடியிருப்பவர்களும், தொலைபேசியிலும் இணையத்திலும் கட்டுகிறவர்களும், அந்தக் குதிரையைப் பற்றி ஒட்டுமொத்தமாக என்ன நினைக்கிறார்கள் என்பதன் அளவு அது. எண் சிறியதாக இருந்தால் பலர் அதை நம்புகிறார்கள். பெரியதாக இருந்தால் சிலரே நம்புகிறார்கள்.

வின், பிளேஸ், க்வினெல்லா, டியர்ஸ், ட்ரையோ... இவற்றில் எதை எடுப்பது?

முதல் நாளில் வின், பிளேஸ் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வின் என்றால் உங்கள் குதிரை முதலாவதாக வர வேண்டும். பிளேஸ் என்றால், ஏழு குதிரைகளோ அதற்கு மேலோ ஓடும் ஓட்டத்தில் முதல் மூன்றில் ஒன்றாக வந்தால் போதும். நான்கு முதல் ஆறு குதிரைகள் மட்டும் ஓடினால் முதல் இரண்டில் ஒன்றாக வர வேண்டும். பிளேசில் கிடைக்கும் தொகை குறைவு; ஆனால் கடைசி நூறு மீட்டர் வரை நம்பிக்கையுடன் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

க்வினெல்லாவில் முதல் இரண்டு குதிரைகளை எந்த வரிசையிலும் சொல்லலாம். க்வினெல்லா பிளேசில் நீங்கள் சொன்ன இரண்டும் முதல் மூன்றுக்குள் வர வேண்டும். ட்ரையோவில் முதல் மூன்றை எந்த வரிசையிலும், டியர்ஸில் அதே மூன்றைச் சரியான வரிசையிலும் சொல்ல வேண்டும். ஒரே சீட்டில் பல குதிரைகளைச் சேர்த்தால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனியாகப் பணம் ஆகும் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து குதிரைகளை ட்ரையோவில் சேர்த்தால் பத்துச் சேர்க்கைகள். குறைந்தபட்சக் கட்டணம் 10 டாலர் என்றால் அந்தச் சீட்டின் விலை 100 டாலர்.

சீட்டு வாங்கும்போது மொழிப் பிரச்சினை வருமா?

வராது. சீட்டுத் தாள்களும் பலகையும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பணியாளர்கள் பயணிகளுக்குப் பழகியவர்கள். ஓட்டத்தின் எண், வகை, குதிரையின் எண், தொகை என்ற நான்கைச் சொன்னால் போதும். சீட்டு கையில் வந்ததும் அந்த நான்கும் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஓட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வரிசை நீளும். குதிரைகள் புறப்படும் வாயில்கள் திறந்த பின் யாரும் எதுவும் கட்ட முடியாது.

ஒரு குதிரை மட்டும் ஏன் அதிக எடை சுமக்கிறது? அது நியாயமா?

ஹாங்காங்கில் பெரும்பாலான ஓட்டங்கள் ஹேண்டிகேப் முறையில், அதாவது திறமையான குதிரைக்கு எடையைக் கூட்டிப் போட்டியைச் சமப்படுத்தும் முறையில், நடக்கின்றன. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களைக் கொண்டு ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. அந்த மதிப்பெண்ணைப் பொறுத்து ஐந்தாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்பு வரை பிரிக்கிறார்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டு குதிரைகளுக்கு இடையே ஒரு மதிப்பெண் வேறுபாடு இருந்தால், மேலானது ஒரு பவுண்டு கூடுதலாகச் சுமக்கும். உச்ச எடை வழக்கமாக 135 பவுண்டு; அதைச் சுமப்பது பெரும்பாலும் 1ஆம் எண் குதிரை. ஜாக்கியின் உடல் எடையும் சேணமும் போதாவிட்டால், ஈயத் தகடுகளைச் சேர்த்து அளவைச் சரிசெய்வார்கள். எல்லாக் குதிரைகளும் வெற்றிக்கோட்டை ஒன்றாகத் தொடவேண்டும் என்பதே எடை நிர்ணயிப்பவரின் குறிக்கோள். வென்ற குதிரையின் மதிப்பெண் உயரும். அடுத்த முறை எடை கூடும், அல்லது மேல் வகுப்புக்குப் போகும். தோற்ற குதிரை இறங்கும். பழகுநர் ஜாக்கிகளுக்கு எடையில் சலுகை உண்டு. அனுபவக் குறைவை அது ஈடுசெய்கிறது.

இந்த முறை புரிந்தால், சைலன்ட் விட்னஸ் என்ற குதிரை அறிமுக ஓட்டத்திலிருந்து தொடர்ந்து 17 முறை வென்றதும், கோல்டன் சிக்ஸ்டி 31 ஓட்டங்களில் 26ஐ வென்றதும் ஏன் அந்நகர மக்களை அவ்வளவு உருக்கின என்பதும் புரியும். மேலே ஏற ஏற எடையும் போட்டியும் கூடிக்கொண்டே போகும் ஏணியில் ஏறி, உச்சிக்குப் போன பிறகும் நிலைத்து நின்ற குதிரைகள் அவை.

எல்லாரும் நம்பும் குதிரையின் மேலேயே கட்டிக்கொண்டு போனால் நஷ்டம் வராதுதானே?

வரும். மக்கள் அதிகம் நம்பும் குதிரை ஏறத்தாழ மூன்று ஓட்டங்களில் ஒன்றில் வெல்கிறது என்பது பொதுவான அனுபவம். கூட்டத்தின் கணிப்பு அவ்வளவு மோசமில்லை. ஆனால் கூட்டம் நம்புவதாலேயே அதற்குக் கிடைக்கும் தொகையும் சுருங்கிவிடுகிறது. அதோடு, பலகையைப் பற்றிய பதிலில் சொன்ன 17.5 விழுக்காட்டுக் கழிவையும் சேர்த்துப் பாருங்கள்: குவியலில் விழும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 82.50 மட்டுமே திரும்பப் பங்கிடப்படுகிறது. ட்ரையோ போன்ற சிக்கலான வகைகளில் கழிவு இன்னும் அதிகம். எந்தக் குருட்டு வழியைப் பின்பற்றினாலும், நீண்ட காலத்தில் அந்தக் கழிவின் அளவுக்கு இழப்பு வந்தே தீரும்.

ஆனால் ஒருவர் கணினி வைத்துக் கோடிக்கணக்கில் சம்பாதித்தார் என்கிறார்களே?

உண்மை. அமெரிக்கரான பில் பென்டர் 1980களின் நடுவில், ஆஸ்திரேலியரான ஆலன் வுட்ஸ் என்பவருடன் ஹாங்காங்குக்கு வந்தார். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் எண்களாக மாற்றி, வெல்லும் வாய்ப்பைக் கணிக்கும் முறையைப் பல ஆண்டு உழைப்பில் உருவாக்கி, அதை 1994இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஹாங்காங் அதற்கு ஏற்ற இடமாக இருந்ததற்குக் காரணம் உண்டு: ஒரே நிறுவனம், இரண்டே மைதானங்கள், அதே குதிரைகள் மீண்டும் மீண்டும் ஒன்றோடொன்று ஓடுவது, ஒழுங்காகப் பேணப்படும் பதிவுகள், மிகப் பெரிய பணக் குவியல்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. அவருடைய கணிப்பு மட்டும் தனித்து நின்றபோது போதுமானதாக இல்லை; பலகையில் தெரியும் மக்களின் விகிதத்தையும் தன் கணக்குக்குள் சேர்த்த பிறகே அது கூர்மையடைந்தது. அதாவது, கூட்டத்துக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு மாலை மட்டும் அங்கே நிற்கும் பயணி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தன் எதிரே இருப்பது எவ்வளவு தேர்ந்த கூட்டம் என்ற தெளிவைத்தான்.

நான் கட்டியபோது 8.25 என்று இருந்தது. வென்ற பிறகு 5.5 கணக்கில்தான் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நீங்கள் கட்டிய நேரத்து விகிதம் உங்களுக்கு ஒதுக்கப்படுவதில்லை. கடைசியாகக் குவியல் மூடப்படும்போது இருக்கும் விகிதமே எல்லாருக்கும். முன்பு சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த நேரத்தில் குவியலில் 6,00,000 டாலரும் உங்கள் குதிரையின் மேல் 60,000 டாலரும் இருந்திருந்தால் 8.25 தெரிந்திருக்கும். கடைசி நிமிடங்களில் குவியல் 10,00,000 ஆகவும், உங்கள் குதிரையின் மேல் 1,50,000 ஆகவும் உயர்ந்தால் 5.5 ஆகிவிடும். பெரிய தொகை கட்டுகிறவர்கள் கடைசி வரை காத்திருப்பார்கள். 2013 முதல் வெளிநாடுகளில் கட்டப்படும் பணமும் அதே குவியலில் கலக்கிறது. ஆகையால் புறப்படும் நேரத்தை ஒட்டி எண்கள் வேகமாக மாறுவது இயல்பு.

என் குதிரைதான் முதலில் வந்தது, ஆனாலும் பணம் தரவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். ஏன்?

ஓட்டம் முடிந்தவுடன் முடிவு உறுதியாகிவிடுவதில்லை. ஜாக்கிகள் திரும்பவும் எடை பார்க்கப்பட வேண்டும். நெருக்கமான முடிவு என்றால் கோட்டில் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குதிரை மற்றொன்றின் குறுக்கே வந்து தடுத்ததாக முறையீடு எழுந்தால் நடுவர்கள் காட்சிப் பதிவை ஆராய்ந்து, தேவையானால் இடங்களை மாற்றவும் செய்வார்கள். டிவிடெண்ட், அதாவது வென்ற சீட்டுக்குத் தரப்படும் தொகை, பலகையில் அதிகாரபூர்வமாக வெளியாகும் வரை, தோற்றுவிட்டதாக நினைக்கும் சீட்டையும் எறியாதீர்கள். நீங்கள் கட்டிய குதிரை ஓட்டத்துக்கு முன்பே விலக்கப்பட்டிருந்தால், வின், பிளேஸ் பணம் திரும்பக் கிடைக்கும்; அந்தச் சீட்டையும் வைத்திருக்க வேண்டும்.

மைதானத்துக்கு வெளியே ஒருவர் கழிவு இல்லாமல் கூடுதல் தொகை தருவதாகச் சொன்னார். வாங்கலாமா?

கூடவே கூடாது. ஹாங்காங்கில் குதிரைப் பந்தயத்தில் பணம் வாங்க ஜாக்கி கிளப்புக்கு மட்டுமே சட்டம் உரிமை தருகிறது. வேறு யாரிடம் கட்டினாலும், வாங்கியவருடன் கட்டியவரும் குற்றவாளி. அறியாத பயணி என்பது அங்கே ஒரு விலக்கு ஆகாது. இணையத்தில் வரும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியென்றால் கழிக்கப்படும் பணமெல்லாம் அந்தக் கிளப்பின் லாபமா?

1884இல் தொடங்கப்பட்ட ஹாங்காங் ஜாக்கி கிளப் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் நிறுவனம் அல்ல. பங்கிட்ட பின் எஞ்சும் தொகையில் 72.5 முதல் 75 விழுக்காடு வரை அரசு வரியாக எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் பரிசுத் தொகை, பராமரிப்பு ஆகியவை போக, உபரி அறக்கட்டளைக்குப் போகிறது. மருத்துவமனைகள், பள்ளிகள், பூங்காக்கள் எனப் பலவற்றுக்கு அது பயன்பட்டிருக்கிறது. இதை அறிவது நல்லது. ஆனால் கட்டும் பணத்தை நன்கொடையாக எண்ணி மனத்தைத் தேற்றிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். தோற்பவர்களில் இழக்கத் தாங்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஹாப்பி வேலியில் பெரிய தீ விபத்து நடந்ததாமே?

ஆம். அந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் சதுப்பு நிலம். கொசுவும் காய்ச்சலும் மிகுந்த இடம். அதை வடித்து 1840களில் மைதானம் அமைத்தார்கள். முதல் பந்தயம் 1846 டிசம்பரில் நடந்தது. 1918 பிப்ரவரி 26 அன்று, மூங்கிலாலும் பாயாலும் கட்டியிருந்த தற்காலிக மாடங்கள் சரிந்து, கீழே சமையல் நடந்துகொண்டிருந்த கடைகளின் மேல் விழுந்து தீப்பற்றின. ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். இறந்தவர்களுக்கான நினைவிடம் சோ கொன் போ பகுதியில், ஹாங்காங் அரங்கத்துக்குப் பின்னால் உள்ள குன்றில் இருக்கிறது. புதன் மாலை பந்தயத்துக்குப் போகிறவர்கள் அன்று பகலில் அங்கே ஒருமுறை போய்வருவது பொருத்தமாக இருக்கும்.

குதிரைகளைத் துன்புறுத்தும் விளையாட்டு என்று என் மகள் போக மறுக்கிறாள். என்ன பதில் சொல்வது?

அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். சவுக்கு பயன்படுத்தப்படுகிறது, அதன் நுனி மெத்தையிட்டதாகவும், பயன்பாடு விதிகளுக்கு உட்பட்டதாகவும் இருந்தாலும் அது சவுக்குதான். ஓட்டத்தில் கால் முறியும் குதிரைகளும் உண்டு. காப்பாற்ற முடியாதபோது திரை கட்டி அங்கேயே உயிரை விடுவிக்கிறார்கள். அப்படி ஒன்றை நேரில் பார்க்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் அறவே இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மறுபுறம், ஹாங்காங்கின் கட்டுப்பாடுகள் கடுமையானவை. அங்கே குதிரை இனப்பெருக்கம் நடப்பதில்லை. எல்லாக் குதிரைகளும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. பெரும்பாலானவை காயடிக்கப்பட்ட ஆண் குதிரைகள். ஷா டின் லாயங்களிலும், 2018இல் குவாங்டோங் மாகாணத்தில் திறக்கப்பட்ட சோங்ஹுவா பயிற்சி மையத்திலும் வளர்க்கப்படுகின்றன. பந்தய நாளில் குதிரையின் உடலில் எந்த மருந்தும் இருக்கக் கூடாது. நுரையீரல் இரத்தக் கசிவுக்கு வேறு சில நாடுகளில் அனுமதித்துவந்த ஊசிகூட இங்கே தடை. இரண்டு பக்கத்தையும் கேட்ட பின்னும் அவள் வர விரும்பாவிட்டால், அந்த முடிவை மதியுங்கள்.

மழை பெய்தால் ரத்தாகுமா?

சாதாரண மழைக்கு ரத்தாகாது. தரை நனைந்தால் அதன் நிலை அறிவிக்கப்படும், அதற்கேற்ப விகிதங்களும் மாறும். புயல் எச்சரிக்கை எண் 8 ஏற்றப்பட்டால் நகரமே ஒடுங்கிவிடும். பந்தயத்துக்கும் அதே நிலைதான். செப்டம்பரில் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு பணம் எடுத்துப் போவது?

ஒன்பது ஓட்டங்களுக்குத் தலா 10 டாலர் வின் சீட்டு எடுத்தால் 90 டாலர். நுழைவு, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தனி. பந்தயத்துக்கென்று ஒதுக்கிய தொகையைத் தனி உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் நடைவட்டத்துக்குப் போய்விடுங்கள். வென்ற பணத்தை அந்த உறையில் திரும்பப் போடாமல் வேறு பையில் வையுங்கள். கடைசி ஓட்டத்தில் இழந்ததையெல்லாம் மீட்டுவிடலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அந்த ஓட்டத்தில் தொகையைக் கூட்டாமல் இருப்பதுதான் இரவின் மிகக் கடினமான கட்டுப்பாடு.

கடைசி ஓட்டத்தில் வென்ற சீட்டை மாற்றாமல் விடுதிக்கு வந்துவிட்டேன். நாளை இரவு விமானம். அவ்வளவுதானா?

கவலை வேண்டாம். மைதானத்துக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. நகரெங்கும் ஜாக்கி கிளப்பின் பந்தயக் கிளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று திறந்திருக்கும் நேரத்தில் சீட்டைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். விடுதிக்கு அருகில் எது இருக்கிறது என்று வரவேற்பறையில் கேட்டால் சொல்வார்கள். தொகை பெரியது என்றால் கடவுச்சீட்டையும் எடுத்துப் போங்கள். சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. எனவே ஊருக்கு எடுத்துவந்து அடுத்த பயணத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பணம் சீட்டுக்குத்தான் தரப்படுகிறது. ஆகவே அதைக் கசக்காமல், நனைக்காமல், அச்சு அழியாமல் வைத்திருங்கள்.